நெய் உருகும் சூட்டில் ஓர் அமீபா

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு டீத் தம்ளரின் மூடியிலிருந்து. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

எழுபதுகளின் பிற்பகுதி. நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. அதன் லேப்பில் நான் டெக்னீஷியன். வயது இருபத்து நான்கு. மார்கழிக் காலை. ஜன்னலுக்கு வெளியே எதிர் குவார்ட்டர்ஸ் தெரியாத அளவுக்குப் பனி. சீதபேதியோடு வந்த ஒருவரின் மலத்தில் ஒரு துளி எடுத்து, உப்புத் தண்ணீரில் கலந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கலாக, உருண்டையாக ஒன்று கிடந்தது. அமீபாவா, குடலிலிருந்து உதிர்ந்த வெறும் செல்லா? அசைந்தால்தான் சொல்ல முடியும். அசையவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து மேடம் கூப்பிட்டார். மேசையில் வைக்க இடமில்லை. ஸ்லைடை எடுத்து, என் பித்தளைத் தம்ளரை மூடியிருந்த தட்டின்மேல் வைத்துவிட்டு ஓடினேன். தம்ளருக்குள் அப்போதுதான் வந்த டீ.

ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து அதே ஸ்லைடை மறுபடி வைத்துக் கண்ணைக் கொடுத்தேன். உருண்டை, உருண்டையாக இல்லை. அதன் ஓரத்திலிருந்து கண்ணாடி போலத் தெளிவான ஒரு விரல் வெளியே வந்தது. விரல் நின்றது. பிறகு உள்ளே இருந்த மணிமணியான சரக்கெல்லாம் அந்த விரலுக்குள் மளமளவென்று பாய்ந்தது. உடம்பு முழுவதும் விரலுக்குப் பின்னால் போயிற்று. காலில்லை, கையில்லை, தலையில்லை. ஆனால் எங்கோ போக வேண்டும் என்று அதற்கு இருந்தது.

"மேடம்!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் பெத்தாலஜிஸ்ட் டாக்டர் ராஜலட்சுமி வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இவரு இத்தனை நேரம் தூங்கினாரில்ல, எப்படி எழுந்தாரு?" என்று கேட்டார். அப்போதுதான் தம்ளர் அவர் கண்ணில் பட்டது.

"ஸ்லைடு எங்க இருந்துச்சு?"

"டீ மேல, மேடம்."

"அந்த டீய என்ன பண்ணப் போறீங்க?"

"கொட்டிடறேன் மேடம்."

"கொட்டுங்க. தம்ளரையும் சேத்துக் கொட்டுங்க." கதவு வரை போனவர் திரும்பினார். "அப்புறம், இதே மாதிரி சூடு கெடைக்கிறதுக்கு ஒரு வழி பண்ணுங்க. டீ இல்லாம."

அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அமீபா உடம்புச் சூட்டில் வாழும் உயிர். ஆறிப்போனால் சுருண்டு நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் செத்தும் போகும். படித்த பாடம்தான். ஆனால் வார்டிலிருந்தும் வீடுகளிலிருந்தும் லேப்புக்கு வந்து சேரும் தூரத்தில், அந்தக் குளிரில், எத்தனை அமீபாக்கள் விறைத்துக் கிடந்து, நான் 'இல்லை' என்று எழுதி அனுப்பியிருப்பேன்?

இதை இப்போது எழுத வைத்தவள் கல்பனா. நான் ஓய்வு பெற்றபின் எப்போதாவது எட்டிப் பார்க்கும் லேப்பில் வேலை செய்கிற பெண். போன மாதம் ஒரு சின்ன அட்டையைக் காட்டி, "சார், இதுல ஒரு சொட்டு விட்டா மலேரியாவா இல்லையான்னு கோடு சொல்லிடும். அமீபாவுக்கும் இப்படி வந்தாச்சு" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல வேலை, சீக்கிரமான வேலை. "நீ அமீபா நகர்றதப் பாத்திருக்கியா?" என்று கேட்டேன். "படத்துல பாத்திருக்கேன் சார்" என்றாள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விருதுநகர்க் கல்லூரியில் விலங்கியல், சென்னையில் ஒரு வருடம் லேப் பயிற்சி, பிறகு நெய்வேலி. ஒரு செல்தான் ஒரு முழு உயிர் என்பதைப் பரீட்சைக்காக எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். சாப்பிடுவது, கழிப்பது, பெருகுவது, ஓடி ஒளிவது எல்லாம் அந்த ஒரே செல்லுக்குள். எழுதியபோது அது மார்க்.

அதை உயிராக்கியவை மேடத்தின் பழக்கங்கள். அவர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவர். கிருமிகளுக்கு 'இவர்', 'இவங்க' என்று மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். நோயாளியை 'நீ' என்கிற டாக்டர்கள் இருந்த காலம் அது. முதல் வாரத்திலேயே ஒற்றைச் செல் உயிர்களின் நான்கு பெரும் கூட்டங்களையும் ஷிஃப்ட்டுக்குப் போகிற ஆட்களாக எனக்கு நிறுத்திக் காட்டினார்.

"அமீபா நடந்து போறவரு. அவசரமே கெடையாது. சீதபேதி அவரு வேலை. ஜியார்டியா இருக்காரே, அவரு கூட்டம் சாட்டை சுழட்டிக்கிட்டுப் போறவங்க, சைக்கிள் பெல் அடிச்சுக்கிட்டுப் போற மாதிரி. குழந்தைகளுக்கு வயித்துப்போக்கு. பீகார்ப் பக்கம் காலா அசார்னு ஒரு காய்ச்சல், அதுவும் இந்தக் கூட்டம்தான். மூணாவது கூட்டத்துக்கு உடம்பு பூரா மயிர்க்கால் மாதிரி துடுப்பு. குளத்துத் தண்ணியில நிறைய இருப்பாங்க. மனுஷனுக்கு நோய் கொடுக்கிறவரு அதுல ஒருத்தர்தான், பன்னிகிட்ட இருந்து வருவாரு. பாலண்டிடியம்."

"நாலாவது மேடம்?"

"நாலாவது கம்பெனி பஸ். சொந்தமா நடக்கக் கைகாலே கெடையாது. கொசுவுல ஏறி வருவாங்க, ரத்தத்துல எறங்குவாங்க, சிவப்பணுவுக்குள்ள சீட்டு போட்டு உக்காருவாங்க. மலேரியா."

அப்படித்தான் ஒவ்வொருவரையும் சந்தித்தேன். ஒரு குழந்தையின் சாம்பிளில் ஜியார்டியா முதன்முதலாக என் பார்வையில் வந்து விழுந்தபோது நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். பேரிக்காய் போன்ற முகம், அதில் இரண்டு கண், என்னையே திருப்பிப் பார்க்கிறது! அவை கண்கள் இல்லை, இரண்டு உட்கருக்கள் என்று தெரியும். தெரிந்தும் வணக்கம் சொல்லத் தோன்றியது. மலேரியாவுக்குக் குளிர் நடுக்கம் எடுக்கும் நேரத்தில் விரலில் குத்தி ரத்தம் எடுப்போம். சாயம் ஏற்றிய ஸ்லைடில், சிவப்பணுவுக்குள்ளே மாணிக்கக் கல் வைத்த மோதிரம் போல அது உட்கார்ந்திருக்கும். ஒரு ஆளைக் கட்டிலோடு உதறவைக்கிற பொருள் இவ்வளவு அழகாக இருக்கலாமா?

மேடத்தின் இன்னொரு பழக்கம்தான் கடைசியில் என்னைப் பிடித்தது. ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று எழுதக் கூடாது. 'காணப்படவில்லை' என்று எழுத வேண்டும். "நீங்க பாக்கலைங்கறது உங்க சமாச்சாரம். அவரு இல்லைங்கறது அவரு சமாச்சாரம். அதை அவருக்காக நீங்க சொல்லாதீங்க."

டீ இல்லாத சூட்டுக்கு வழி செய்து கொடுத்தவன் என் பக்கத்து அறைக்காரன் தங்கராசு. மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், தஞ்சாவூர்ப் பக்கம். ஒரு செப்புத் தகடு, நடுவில் வெளிச்சம் வர ஓட்டை, முன்பக்கம் நாக்கு மாதிரி நீண்ட ஒரு பட்டை. தகடு மைக்ராஸ்கோப்பில் உட்காரும். நாக்குக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கு. நாக்கில் ஏறும் சூடு மெதுவாகத் தகட்டுக்கு வரும். எவ்வளவு சூடு என்று எப்படி அறிவது? அதற்கு மட்டும் நான் கெட்டிக்காரன்: ஸ்லைடுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு நெய் வைப்பேன். உருக ஆரம்பித்தால் சரியான சூடு. ஓடினால் விளக்கைத் தள்ளி வைக்க வேண்டும்.

"ஏன்டா, பீயைப் பாக்க நெய்யா? இதுக்கு நான் ஓவர்டைம்ல செம்பு ராவணுமா?" என்பான் தங்கராசு. ராவிக் கொடுத்தான்.

அந்தத் தகட்டுக்குப் பதினோரு மாதம் கழித்து, கார்த்திகை அடைமழையில், உண்மையான வேலை வந்தது.

கோவிந்தன் பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்காரர். முப்பது வயது இருக்கும். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை அள்ளும் கான்ட்ராக்ட் வேலை, ஏழு வருடமாக. பர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் அவர் பெயர் வந்துவிட்டது. அடுத்த மாதம் உடல் தகுதிச் சோதனை. அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல். வலது விலாவில் வலி. அது வலது தோள்வரை ஏறியது. ஈரல் வீங்கிக் கை வைக்க முடியவில்லை.

வார்டைப் பார்த்தவர் டாக்டர் வரதன். கெட்டிக்காரர், கெட்டவர் இல்லை. ஆனால் சாராயத்தில் ஈரல் கெட்டவர்களை நிறையப் பார்த்துச் சலித்தவர்.

"எத்தனை வருஷமா குடிக்கிறே?"

"குடிக்கிற பழக்கமே இல்லீங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க." கேஸ் ஷீட்டில், 'குடியால் ஈரல் பாதிப்பு, சந்தேகம்' என்று எழுதினார். தகுதிச் சோதனைக்குப் போகும்போது எங்கள் காகிதத்தைக் கேட்பார்கள். அந்த ஒரு வரி போதும். ஏழு வருடம் போய்விடும்.

கோவிந்தனின் மனைவி அஞ்சலை லேப் ஜன்னலுக்கு வந்தார். முந்தானையில் மழைத் தண்ணீர் சொட்டியது.

"ஐயா, ரத்தத்த பாத்தா சாராயம் தெரியுமாங்க?"

"இத்தனை நாள் கழிச்சுத் தெரியாதும்மா."

"அப்ப இன்னாத்ததான் பாக்கறீங்க அந்தக் கொழாயில?" முந்தானையைப் பிழிந்தார். "தொட்டதே இல்லன்னு எங்கிட்ட சொல்லிகினேதான் இருக்காரு. டாக்டரு படிச்சவரு, எழுதிட்டாரு. எதிர்வூட்டுல எல்லாம் ஒரு மாதிரி பாக்கறாங்க. நா யாரத்தான் நம்பறது?"

அவர் கேட்டதை மேடத்திடம் போய்ச் சொன்னேன். மேடத்துக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. குடலில் இருக்கும் அமீபா சில பேருக்கு ரத்தத்தோடு ஈரலுக்குப் போய் அங்கே அரித்துச் சீழ்க்கட்டி உண்டாக்கும். குடிக்காதவருக்கும் வரும். மூன்று நாள் மலத்தில் தேடினேன், செப்புத் தகட்டில் நெய்ப்பொட்டு வைத்து. ஒன்றும் தென்படவில்லை. ஈரலில் கட்டி இருக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான் என்றார் மேடம். எக்ஸ்ரேயில் வலது பக்க உதரவிதானம் மேலே தள்ளியிருந்தது. நான்காம் நாள் காலையில் டாக்டர் வரதன் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்திச் சீழை எடுத்தார். மூன்று பாட்டில்களில் வந்தது. முதல் இரண்டு நிறைய. ஆறின வெல்லப்பாகின் நிறம், வாடையே இல்லை. மூன்றாவதில் அரை ஸ்பூன், ரத்தம் கலந்து.

இங்கேதான் என் தவறு. எங்கள் லேப்பில் ஒரு வழக்கம் உண்டு. சாம்பிள் கொஞ்சமாக, ரத்தம் கலந்து வந்தால் 'அளவு போதாது' என்று தள்ளிவிட்டு பாட்டிலைக் கழுவி வைப்போம். பாட்டில் எப்போதும் தட்டுப்பாடு. கை பழக்கத்தில் அந்த மூன்றாவது பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நிறைந்திருந்த முதல் பாட்டிலை ஒரு மணி நேரம் பார்த்தேன். செத்த குப்பை. அவசரத்தில், 'அமீபா இல்லை' என்று எழுதி வார்டுக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் மேடம் அந்தத் தாளோடு வந்தார். குரல் உயரவில்லை. அவருக்கு எப்போதும் உயராது.

"இல்லைன்னு அவரே வந்து சொன்னாருங்களா?"

தாளை என் மேசையில் வைத்தார்.

"கடைசி பாட்டில் எங்கே?"

கவிழ்த்து வைத்த பாட்டிலிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"கட்டிக்கு நடுவுல இருக்கிற சீழு, அவரு ஏற்கெனவே தின்னு முடிச்ச எடம். அங்க அவருக்கு என்ன வேலை? சுவரோரமா இருப்பாரு. கடைசியா வர்ற சொட்டுலதான் சுவர் வரும்."

டாக்டர் வரதனிடம் இருவரும் போனோம். அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. "நோயாளிய காக்க வைக்க மாட்டேன். சாயங்காலம் மருந்து ஆரம்பிக்கிறேன். அமீபாவா இருந்தாலும் அதுல போயிடும். ஆனா கேஸ் ஷீட்ல கண்ணால பாத்ததத்தான் எழுதுவேன். மறுபடி குத்தணும்னா அந்த ஆள் சம்மதிக்கணும். நீங்களே போய்க் கேளுங்க."

மருந்து உள்ளே போய்விட்டால் பிறகு ஒன்றையும் உயிரோடு பார்க்க முடியாது. மணி இரண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொன்னேன்.

அஞ்சலை எழுந்தே விட்டார். "மறுபடி குத்தணுமா? காலைல பாட்டில் பாட்டிலா எடுத்துகினு போனீங்களே, அத இன்னா பண்ணீங்க? கொழம்பு வச்சீங்களா?"

"தப்பு என்னுதுதாம்மா."

"சும்மா இரு அஞ்சல." கோவிந்தன் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கடசி சொட்டுல மட்டும் ஏன் சார் இருக்கும்?"

மேடம் சொன்னதைச் சொன்னேன். அவர் முகத்தில், அந்த வலியிலும், ஒரு வெளிச்சம் வந்தது.

"அட, மைன்ஸ் மாதிரி சொல்றீங்க. வெட்டிக் கொட்ன மண்ணு மேட்டுல போயி மெஷினத் தேடனா கெடைக்குமா? அது வெட்டற மொகத்துல இல்ல நின்னுகினு இருக்கும்? நீங்க மண்ணு மேட்டுல தேடிக்கினு இருந்தீங்க." சட்டையை அவரே தூக்கினார். "குத்தச் சொல்லுங்க. ஆனா இந்த வாட்டி கழுவிடாதீங்க சார்."

இந்த முறை லேப்பை வார்டுக்குக் கொண்டுபோனேன். ஜன்னலோரம் ஸ்டூல், அதன்மேல் மைக்ராஸ்கோப், செப்புத் தகடு, ஸ்பிரிட் விளக்கு, மேசை விளக்கு. வெளியே மழை இருட்டு. ஆனால் கரண்ட் போகாத ஊர். நெய்ப்பொட்டு ஓரத்தில் மினுங்க ஆரம்பித்தபோது ஸ்லைடைத் தகட்டில் சூடேற்றித் தயாராக நின்றேன். டாக்டர் வரதன் மெதுவாக இழுத்தார். பாகு வந்தது, அதைத் தள்ளி வைத்தார். ஊசியை ஒரு நூலளவு நகர்த்தி, கடைசியாக ஒரு இழுப்பு. ரத்தக் கீற்றோடு ஒரு சொட்டு. கோவிந்தன் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார்.

அந்தச் சொட்டு உடம்பைவிட்டு வந்து என் கண்ணுக்குக் கீழே சேர நான்கு அடி தூரம்.

முதலில் குப்பை. பிறகு சிவப்பணுக்கள். ஸ்லைடைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். மேல் வரிசை முடிந்தது, அடுத்தது முடிந்தது. மூன்றாவது வரிசையில், ஓரத்தில், கண்ணாடி விரல் ஒன்று வெளியே வந்தது.

டீத் தம்ளர் நாளில் பார்த்தவருக்கு இவர் அண்ணன். பெரியவர், வேகமானவர். விரலை நீட்டுவதும் உடம்பு பாய்வதும் ஒரே மூச்சாக நடந்தது. அவருக்குள்ளே பச்சை மஞ்சளாக உருண்டை உருண்டையாய் என்னவோ மிதந்தது. எண்ணினேன். ஐந்து சிவப்பணுக்கள். கோவிந்தனின் ரத்தம். ஒரு மனிதனுக்குள் சுரங்கம் தோண்டி, கிடைத்ததைத் தின்றுகொண்டு, தன் வேலையைத் தவிர வேறெதையும் அறியாமல் அது போய்க்கொண்டிருந்தது. அதற்கு மூளை இல்லை. பகை இல்லை. கோவிந்தன் என்று ஒருவர் இருப்பதே தெரியாது.    இவ்வளவு சிறியதற்குள் இவ்வளவு உயிரை அடைத்தது எது என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

"மேடம்," என்றேன். இந்த முறை சத்தம் போடவில்லை.

அவர் பார்த்தார். "வந்துட்டாரு" என்று மட்டும் சொல்லி நகர்ந்து, டாக்டர் வரதனுக்கு இடம் விட்டார்.

டாக்டர் வரதன் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை.  "படிச்ச நாள்ள இருந்து படத்துலதான்…" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு போய்க் கேஸ் ஷீட்டை எடுத்து, பழைய வரியின் குறுக்கே கோடிழுத்து, கையெழுத்துப் போட்டு, கீழே எழுதினார்: 'ஈரலில் அமீபாக் கட்டி. உயிருள்ள அமீபா நேரில் காணப்பட்டது.'

அஞ்சலை தானும் பார்க்க வேண்டும் என்றார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"இதுவா? ஊர்ந்துகினு போவுதே, இதா?"

"அதுதான்மா."

"இத்துனூண்டா?" நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார். "இதுக்குப் போயி ஒன் வாய மோந்து மோந்து பாத்துகினு இருந்தேனே இத்தனை நாளா." கோவிந்தன் சிரித்தார். சிரித்தால் விலா வலிக்கும் என்பது சிரித்த பிறகுதான் நினைவு வந்தது.

சாயங்காலம் மருந்து ஆரம்பித்தார்கள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. தகுதிச் சோதனையைத் தள்ளிப் போட்டு வாங்கினார்கள். தேறி வந்ததும் போய்ப் பர்மனென்ட் ஆனார் கோவிந்தன். ஆனால் என்மேல் ஒரு மனத்தாங்கலோடுதான் ஆனார். அதை இன்றுவரை விடவில்லை. அன்று எழுந்து உட்கார முடியாமல் மல்லாந்து கிடந்தவரை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. விளக்கை அணைத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டோம். "ஆஸ்பத்திரியே பாத்துச்சு. என் பொண்டாட்டி பாத்தா. வயித்துல சொமந்தவன் நான், எனக்குக் காட்டல" என்று எங்கே பார்த்தாலும் சொல்வார். என் மகள் கல்யாணப் பந்தியிலும் சொன்னார்.

நான்கு கூட்டத்தில் மூன்றைக் கண்ணால் பார்த்துவிட்டேன். துடுப்புக்காரரை, அந்தப் பாலண்டிடியத்தை, என் முழுச் சர்வீஸிலும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மனிதனுக்கு வருவது அபூர்வம். பன்றிக் குடலில் சாதாரணமாக இருப்பார் என்கிறார்கள். இதைப் போன வாரம் கோவிந்தனிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவரும் ரிட்டயர் ஆகிவிட்டார். மறுநாளே போன் வந்தது: முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் அவருக்குத் தெரிந்தவர் பன்றிப் பண்ணை வைத்திருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டாராம்.

கல்பனாவும் வருகிறாள். பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை வாங்கித் துடைத்து வைத்திருக்கிறேன். தங்கராசு ராவிக் கொடுத்த தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். நேற்று வார்த்த மாதிரி இருக்கிறது. ஒரு சின்ன டப்பாவில் நெய். சாம்பிளைத் தூக்கிக்கொண்டு எங்கும் ஓடப் போவதில்லை. கொட்டடிக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன்.

கோவிந்தன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். நெய் உருகியதும் மைக்ராஸ்கோப்பில் முதலில் கண் வைப்பது அவர்தான். அதற்கப்புறம்தான் நான்.